கணக்கில் ஏறாத பாட்டுகள்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கத்திலிருந்து ஆண்ட நன்னனைப் பாடப் புகுந்த பெருங்கௌசிகனார், அருவியாடும் மகளிரின் ஆரவாரம் முதல் தினை குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டு வரையில், மலையில் எழும் ஒலிகளையெல்லாம் மலைபடுகடாத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறாரேயன்றி, அவற்றுள் இன்னது முதலாவது, இன்னது கடையாயது என்று தரம் பிரிக்கவில்லை.

பாட்டுகளுக்கு இலக்கமிட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் இசைத்தட்டு வியாபாரத்தோடு வளர்ந்தது. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1940-லேயே கடைகளின் விற்பனையைக் கொண்டு பட்டியல் வெளியிட்டது. லண்டனில், நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகைக்காகப் பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது கடைகளைத் தொலைபேசியில் விசாரித்துத் திரட்டிய கணக்கு 1952 நவம்பர் 14-ஆம் தேதி அச்சேறி, அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவுக்கு முதல் ஸ்தானம் அளித்தது. இதற்குப்பின் மூன்று வாரம் கழிவதற்குள், டிசம்பர் 3-ஆம் தேதி, கொழும்பு வானொலி நிலையத்திலிருந்து பினாக்கா கீத்மாலா என்னும் ஹிந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒலிக்கத் தொடங்கியது.

இந்தியரின் பாட்டு இலங்கையிலிருந்து வரவேண்டிய அவசியம் என்ன? சாஸ்திரீய சங்கீதத்தில் அளவற்ற பக்தி கொண்டிருந்த மத்திய மந்திரி பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று எண்ணி, ஆகாசவாணியில் அதற்கு இருந்த இடத்தைச் சுருக்கிவிட்டார். அவருடைய நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஜனங்களின் விருப்பத்தை உத்தரவினால் மாற்றிவிடலாம் என்று நம்பியது பெரும் பிழை என்பது என் துணிபு. உலக யுத்தத்தையொட்டிப் படைவீரர்களுக்காக நிறுவப்பட்டு, பின்னர் இலங்கை அரசாங்கத்தின் வசமான வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பியோ, வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பும் அலைகளால், கடலையும் மலையையும் தாண்டி எங்கும் கேட்டது. தமிழ் நேயர்களுக்கு அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் வீட்டு மனிதர் ஒருவரின் குரல்போல ஆனதும் இந்த நிலையத்தின் வர்த்தக சேவையால்தான்.

கீத்மாலாவை நடத்திய அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குச் சென்று, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்பாயின. ஆரம்பத்தில் ஏழு பாட்டுகளை வரிசையின்றி ஒலிக்கச்செய்து, ஜனரஞ்சக வரிசையில் அடுக்கி எழுதும்படி நேயர்களைக் கேட்டு, சரியாக எழுதியவர்களுக்கு 100 ரூபாய் பரிசு வைத்தார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்து, வாரந்தோறும் பல்லாயிரமாகப் பெருகியபின், போட்டியைக் கைவிட்டுப் பாட்டுகளையே தரவாரியாக ஒலிபரப்பத் தலைப்பட்டனர். தட்டு விற்கும் கடைகளின் தகவலும் ஊர்தோறும் அமைந்த நேயர் சங்கங்களின் வாக்கும் இடத்தை நிர்ணயித்தன. ஆண்டிறுதியில் வாசிக்கப்பட்ட வருஷப் பட்டியலைக் கேட்பதற்காகக் கடைத்தெரு வானொலிப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடியதுண்டு. 1989-இல் நிகழ்ச்சி விவித பாரதிக்கு மாறும்வரை, இந்தியாவில் ஹிந்திப் பாட்டின் கீர்த்திக்கு அளவுகோல் அண்டை நாட்டின் வானொலியிலேயே இருந்தது.

அந்த அளவுகோல் எவரை அளந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டு வாங்கப் பணமுள்ளவனும், சங்கம் சேர்த்துக் கடிதம் எழுதத் தெரிந்தவனுமே வாக்காளர்கள். ஜவ்வாது மலையில் சாமை விதைத்துத் தேனெடுத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டு எந்தக் கடையிலும் விலைபோகவில்லை. ஆதலால் எந்த வருஷத்துப் பட்டியலிலும் அதற்கு எண் இல்லை. காவலூரில் 1960-களின் இறுதியில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தில், எத்தனையோ தொலைவிலுள்ள நட்சத்திரங்களின் ஒளியைப் பதிவுசெய்து பாதுகாத்து வருகிறோம். அதே மலையில் வயலிலும் சாவு வீட்டிலும் எழும் குரலுக்கும் அத்தகைய சிரத்தை உரியதென்றே கருதுகிறேன்.

அந்த மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: முதியோர் பாடுவதை, அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய்யுங்கள், பாடியவர் யார், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்பதையும் எழுதி வையுங்கள்.