அழுத்தமும் குதிரைத்திறனும்: ஓர் இயந்திர வரலாறு

கோல குபு பாருவை அடுத்துள்ள அம்பாங் பெச்சா தன் வரலாற்றைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. மலாய்மொழியில் அதற்கு உடைந்த அணை என்பது பொருள். 1883ஆம் ஆண்டு அணை உடைந்து வெள்ளம் பழைய ஊரை அழித்தது. அடக்கி வைத்த அழுத்தம் ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. அவ்வட்டாரத்து இருப்புப்பாதையில் ஓடிய டீசல் பொறிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது.

புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பப் புகையைக் கொண்டே ஒரு சுழலியைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி காப்புரிமை பெற்றார். 1920களில் இரு ஜெர்மானியக் கப்பல்களில் இம்முறை பயன்பட்டபோது எஞ்சின் திறன் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500ஆக உயர்ந்தது.

மலாயா விடுதலை பெற்ற 1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 20ஆம் வகுப்பு டீசல் பொறிகள் இங்கு வரத் தொடங்கின. அவை மொத்தம் 26. ஒவ்வொன்றிலும் டர்போ பொருத்திய 12 உருளைகள், திறன் 1500. நீராவிப் பொறியின் தீயறை முன் வெந்துழைக்கும் வேலை படிப்படியாக மறையலாயிற்று. இரயில்வேயில் உழைத்த தமிழருக்கு இம்மாற்றம் வியர்வையைக் குறைத்தது; பழகிய தொழிலையும் பறித்தது.

அதே எஞ்சினின் அடுத்த வடிவம் 1960இல் பிரிட்டனில் ஓடியது. உருளைகளின் எண்ணிக்கையும் அளவும் மாறவில்லை; திறனோ 1750 ஆயிற்று. அழுத்திய காற்றைக் குளிர்வித்துச் செலுத்தியதே இதன் முதன்மைக் காரணம்.

இதில் மாணவர் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. டர்போ அழுத்தமானி காட்டுவது வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. அது அரை பாரிலிருந்து ஒரு பாராக இரட்டித்தால், முழு அழுத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டாகவே உயரும். அஃதாவது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதால் அதுவும் முழுமையாகக் கிட்டாது. உருளைக்குள் புகும் காற்றின் நிறையும், அதற்கேற்ற எரிபொருளுமே திறனை ஆக்குகின்றன.

உலோகத்தின் தாங்குதிறனை மறந்து அழுத்தத்தை மட்டும் கூட்டினால் உந்துதண்டும் உருளைத்தலையும் சிதையும். தாங்கும் எல்லையை அறிந்து அடக்கிய அழுத்தமே ஆற்றலாகும். அவ்வெல்லையை மீறினால் நேர்வதை அம்பாங் பெச்சாவின் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.