பொதுநலவாழ்வுச் செய்திகளில் பால்சுட்டும் பால்பொதுவும்: மும்பைத் தமிழரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோய்த்தடுப்பு, கருத்தடை, மகப்பேறு, புற்றுநோய் ஆய்வு ஆகியவை பற்றி அரசு மக்களுக்குச் சொல்லும் செய்திகள் 'பெண்களே', 'தாய்மார்களே' எனப் பாலைச் சுட்டி விளிக்க வேண்டுமா, அன்றி 'கருவுற்றவர்கள்' எனப் பாலைச் சுட்டாது பொதுவாக விளிக்க வேண்டுமா என்னும் வினா அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் எழுந்துள்ளது. பால்சுட்டுச் சொல் திருநம்பியர் போன்றோரை விலக்கிவிடும் என்பர் ஒரு சாரார். பால்பொதுச் சொல் பெண்களின் தனித்த துயரை மறைத்துவிடும் என்பர் மற்றொரு சாரார். ஆங்கிலத்தில் நிகழும் இவ்விவாதத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது பொருந்தாது. தமிழின் பால் பாகுபாடு வேறு. தமிழர் நலவாழ்வுச் செய்தியைப் பெற்ற வரலாறும் வேறு. மராத்தி, இந்தி ஆகிய மொழிகளின் வழியே நலவாழ்வுச் செய்திகளைப் பெற்றுவரும் மும்பைத் தமிழரின் பட்டறிவை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபில் பால்

தமிழில் பால் என்பது திணையின் உட்பகுப்பு. உயர்திணை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாகவும், அஃறிணை ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டாகவும் பகுக்கப்படும். இவற்றுள் பலர்பால் ஈறாகிய 'அர்' ஆண், பெண் என்னும் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'ஒருவர்' என்னும் பெயர் இருபாலுக்கும் உரியது எனத் தொல்காப்பியப் பெயரியல் விதிக்கிறது. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்வு வழக்கையும் கிளவியாக்கம் எடுத்துரைக்கிறது. எனவே, ஒரு மனிதரைப் பால் சுட்டாமல் மதிப்புடன் குறிக்கும் வாயில் தமிழில் தொன்மைக் காலத்திலேயே திறந்திருந்தது எனலாம்.

இரு பாலுள் அடங்காதோர் பற்றியும் இலக்கணிகள் பேசியுள்ளனர். ஆண்மை திரிந்து பெண்மை நோக்கிய பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. இங்குப் பாலை முடிவு செய்வது உடலன்று, விழைவே என்பது கருதத்தக்கது. ஆயினும் அதே நூற்பா அவ்விரு திறத்தாரும் அஃறிணை போன்று முடிவதற்கும் இடம் தருகிறது. மதிப்பும் விலக்கும் ஒரே நூற்பாவில் அருகருகே நிற்கின்றன. ஆதலின், மரபில் எல்லாம் இருந்தது என்று பெருமை கொள்வதும், மரபில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்குவதும் சமமான பிழைகளே.

ஆணை விளித்த காலம்

இந்தியாவில் கருத்தடைப் பரப்புரையின் தொட்டில்களுள் ஒன்று பம்பாய். ர.தோ. கார்வே 1921-இல் அங்குக் கருத்தடை நிலையம் தொடங்கினார். 1927 முதல் 1953 வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழை நடத்தினார். இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1949-இல் பம்பாயில் தோன்றியது. நடுவணரசின் திட்டம் 1952-இல் தொடங்கிற்று. தமிழ்ச் சூழலில் இதே காலப்பகுதியில் பெரியார் முன்வைத்த கருத்து வேறு தளத்தது. பிறர் உடல்நலம், பொருளாதாரம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் அவர். அவர்தம் உரையில் 'பெண்' என்னும் பால்சுட்டுச் சொல் உரிமைக்குரியவரின் பெயராக நின்றது.

அரசின் பரப்புரையோ முதலில் ஆணை நாடியது. 1960களின் இறுதியில் பம்பாய்த் தொடர்வண்டி நிலையங்களில் ஆண்களுக்கான கருத்தடை அறுவை முகாம்கள் நடத்தப்பட்டன. வேலைக்குச் சென்று திரும்பும் ஆண்களின் பெருங்கூட்டமே அவற்றின் இலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழர், மாட்டுங்காவிலிருந்து அலுவலகங்களுக்குச் சென்ற நடுத்தர வகுப்பினர் ஆகிய இரு திறத்தாரும் பயணம் செய்த நகரம் அது.

நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) விளிப்பு வற்புறுத்தலாக மாறியது. மகாராட்டிரச் சட்டமன்றம் 1976-இல் கட்டாயக் கருத்தடைக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவை நிறைவேற்றிற்று. குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்காமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. அதே ஆண்டில், தமிழர் பலர் வாழ்ந்த சனதா காலனி அகற்றப்பட்டு, மக்கள் செம்பூரை அடுத்த டிராம்பேயின் சீத்தா கேம்ப்பிற்கு மாற்றப்பட்டனர். 1976-77-இல் நாடு முழுவதும் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை.

'குடும்பம்' என்னும் பொதுச்சொல்

1977-இல் ஆட்சி மாறியபின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்னும் துறைப்பெயர் 'குடும்ப நலம்' என மாற்றப்பட்டது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்னும் முழக்கம் இம்மாற்றத்திற்கு முன்பே வழங்கியது. இலக்கண நோக்கில் இம்முழக்கம் முற்றிலும் பால்பொதுவானது. 'நாம்' என்பது தன்மைப் பன்மை. 'இருவர்' என்பது பலர்பால். ஆணையோ பெண்ணையோ அது சுட்டவில்லை. ஆனால் அப்பொதுமையின் நிழலில் அறுவையின் சுமை ஒரு பாலார்மேல் இறங்கியது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்துள்ளனர். ஆண் கருத்தடை அறுவையின் பங்கு 0.3 விழுக்காடு மட்டுமே. 'இருவர்' என்று சொன்ன முழக்கம் இருவருள் யார் என்பதைச் சொல்லவில்லை. பால்பொதுச் சொல் எப்போதும் நடுநிலையானதன்று என்பதற்கு இஃது ஒரு வலுவான சான்று.

இதன் மறுதலையையும் காணலாம். டாட்டா நினைவு மருத்துவமனை 1998 முதல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 அகவை வரையிலான ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்றை நடத்தியது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தறியும் எளிய முறையால் அந்நோயின் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது என 2013-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆய்வுக்கு அழைக்கும்போது 'கருப்பைவாய் உடையோர்' என்று மட்டும் எழுதினால், அவ்வுறுப்பின் பெயரையே கேட்டறியாத ஒருவர் அஃது தமக்கான அழைப்பு என உணர வாய்ப்பில்லை. 'பெண்கள்' என்னும் சொல்லே அவரை வாயிலுக்கு அழைத்து வரும். தெளிவு என்பது இங்கு உயிர் காக்கும் பண்பாகும்.

தொற்றுநோய்களும் தொகுதிப் பெயர்களும்

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வாளர் நிர்மலாவும் எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதன்பின் எழுந்த பரப்புரையில் புதிய தொகுதிப் பெயர்கள் உருவாயின. 2003-இல் தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்ட 'புள்ளிராஜா' விளம்பரம் ஆணையே மையமாகக் கொண்டது. 'ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்கள்' என்னும் தொகுதிப் பெயர் அடையாளத்தைச் சுட்டாமல் செயலைச் சுட்டும் நோக்கில் அமைந்தது. ஆயினும் திருநங்கையரும் தொடக்கத்தில் அதனுள் அடக்கப்பட்டமையால், தம்மைப் பெண்ணாக உணர்ந்தோர் 'ஆண்கள்' என எண்ணப்பட்டனர். பின்னரே அவர்கள் தனித் தொகுதியாகக் கொள்ளப்பட்டனர். 1994-இல் மும்பையில் தோன்றிய ஹம்சஃபர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இப்பணியில் முன்னின்றன.

இதே காலத்தில் தமிழில் சொல்லாக்கமும் விரைந்தது. இழிவழக்குகளின் இடத்தில் 'அரவாணி' வந்தது. 2008-இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியமும் அப்பெயரையே தாங்கியது. பின்னர்த் 'திருநங்கை', 'திருநம்பி', இருவர்க்கும் பொதுவான 'திருநர்' ஆகிய சொற்கள் வேரூன்றின. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்துறைச் சொற்பட்டியலைத் தன் அரசிதழில் வெளியிட்டது. 'திருநர்' என்பதிலும் பழைய பலர்பால் ஈறே பணிபுரிகிறது என்பது நோக்கத்தக்கது.

தாராவியில் கொரோனா முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று அறியப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மகாராட்டிர அரசு 'என் குடும்பம் என் பொறுப்பு' என்னும் பொருளமைந்த இயக்கத்தைத் தொடங்கியது. இவ்விளிப்பில் பால் இல்லை, குடும்பம் உண்டு. ஊர்க்காரர் ஒன்றுகூடி நடத்தும் 'பொங்கல் வீடு'களில் தங்கி உழைக்கும் தனியாட்கள் தாராவித் தமிழ் வரலாற்றின் ஒரு கூறு. குருவைச் சார்ந்து ஒரே கூரையின்கீழ் வாழும் திருநங்கையரும் இந்நகரில் உளர். இவர்கள் 'குடும்பம்' என்னும் சொல்லுக்குள் தம்மைத் தேட வேண்டியிருந்தது. விலக்குதல் ஈற்றில் மட்டுமன்றி, உறவுப்பெயரிலும் ஒளிந்திருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

சட்டத்தின் சொற்கள்: 'மணமான பெண்' முதல் 'கருவுற்றவர்' வரை

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை பயனற்றுப்போனமைக்கான விளக்கத்தில் மணமான பெண்ணையும் அவர்தம் கணவரையுமே குறித்தது. 2021-இல் வந்த திருத்தம் 'எந்தப் பெண்ணும்', 'துணைவர்' என அதனை விரித்தது. 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில் உச்சநீதிமன்றம், தான் ஆளும் 'பெண்' என்னும் சொல் பாதுகாப்பான கருக்கலைப்பை வேண்டும் பிற பாலினத்தாரையும் உள்ளடக்கும் எனத் தெளிவுபடுத்தியது. பால்சுட்டுச் சொல்லை நீக்காமல் அதன் பொருளெல்லையை விரிக்கும் முறை இது.

2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த மற்றொரு வழக்கு மும்பையைச் சார்ந்தது. அதில் மருத்துவக் கருத்துரை வழங்கியது சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. தாராவியை ஒட்டிய இம்மருத்துவமனையே அம்மக்களின் முதன்மைப் புகலிடம். தாராவியின் நகர்ப்புற நலவாழ்வு மையமும் இதனைச் சார்ந்ததே. அவ்வழக்கில் நீதிமன்றம் 'கருவுற்ற நபர்' என்னும் பொருளுடைய தொடரை ஆண்டது. திருநம்பியரும் இருபாலுள் அடங்காத பிறரும் கருவுறக்கூடும் என்பதை அதற்குக் காரணமாகக் கூறியது. வழக்கிற்கு உரியவரோ பாலியல் வன்முறைக்கு ஆளான 14 அகவைச் சிறுமி. நம் நலவாழ்வுச் செய்திகளில் பயின்றுவரும் 'கர்ப்பிணித் தாய்மார்கள்' என்னும் தொடரை அச்சிறுமிக்கு ஏற்றிப் பார்த்தால், அதன் பொருந்தாமை விளங்கும். அவர் கருவுற்றவர், தாய் அல்லர். திருநரை எண்ணி ஆளப்பட்ட ஒரு பொதுச்சொல், தாய்மையைத் தேர்ந்துகொள்ளாத ஒரு குழந்தைக்கும் மதிப்பளித்தது. இதுவே இவ்வரலாறு தரும் பெரும்பாடம் எனலாம்.

மொழிபெயர்ப்பில் நிகழ்வது

மராத்தியில் மூன்று பால், இந்தியில் இரண்டு. இந்தியில் 'நான் போகிறேன்' என்பதற்கும் பேசுவோரின் பாலைக் காட்டும் வினை வேண்டும். தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் அத்தேவை இல்லை. 'நீங்கள் ஆய்வு செய்துகொண்டீர்களா?' என்பது யாவர்க்கும் பொருந்தும். எனவே மராத்தி, இந்தி மூலங்களைத் தமிழாக்குவோர் மூலத்தின் பாலை இழுத்துவரத் தேவையில்லை. அவர்கள் விழிப்புடன் நோக்க வேண்டியவை தாய், சகோதரி, தம்பதியர், குடும்பத் தலைவர் ஆகிய பெயர்ச்சொற்களே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு ஒன்று. சுமையையும் நோயையும் பொறுப்பையும் கணக்கிடுமிடத்துப் பால்சுட்டுச் சொல் வேண்டும், இல்லையேல் 37.9-க்கும் 0.3-க்கும் இடையிலுள்ள வேறுபாடு 'இருவர்' என்னும் சொல்லுள் மறையும். உரிமையையும் மருத்துவத்தையும் பெறும் வாயிலில் பால்பொதுச் சொல் வேண்டும். இல்லையேல் சிறுமியும் திருநம்பியும் வெளியே நிற்பர். அழைப்பில் இரண்டும் சேர்ந்து வரலாம். 'பெண்களும் கருப்பை உடைய பிறரும்' என எழுதுவதில் தெளிவும் குறையாது, எவரும் விடுபடார். இதற்கான இலக்கணக் கருவிகள் தமிழில் உள்ளன. அவற்றைச் சுவரொட்டியிலும் மருத்துவமனைப் படிவத்திலும் உரியவாறு பயன்படுத்தும் சொல்லாக்கப் பணியில் தமிழ்த்துறைகளும் பங்குகொள்ளுதல் கடனாகும்.