உயர்வலிமை வலுவூட்டுக் கம்பிகள்

நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் அடுக்குமாடிகளில் பயன்படும், இளகு வலிமை மிகுந்த எஃகுக் கம்பிகள். கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவே இளகு வலிமை. ஜப்பானின் 1988–1993 ஆய்வுத் திட்டம் 685 மெகாபாஸ்கல் கம்பிகளுக்கு வழிவகுத்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் 420 மெகாபாஸ்கல் கம்பியே வழக்கம். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 2019 விதித்தொகுப்பு நிலநடுக்கம் தாங்கும் சிறப்புச் சட்டகங்களில் 550, சிறப்புச் சுவர்களில் 690 மெகாபாஸ்கல் வரை அனுமதித்தது.

பயன்: கம்பிகளின் எண்ணிக்கை குறைவதால் தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் நெரிசல் குறையும், கான்கிரீட் இடைவெளியின்றி நிரம்பும்.

வரம்பு: வலிமை கூடினாலும் எஃகின் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலே. எனவே கம்பி குறைந்தால் விரிசலுற்ற கட்டடத்தின் விறைப்பும் குறைந்து அசைவு கூடலாம். கம்பியைக் கான்கிரீட்டுக்குள் கூடுதல் நீளம் பதிக்கவும் வேண்டும். வலிமையோடு, முறியாமல் நீளும் தன்மையும் இன்றியமையாதது. அதிர்வின் ஆற்றலை உள்வாங்கி உயிர்காப்பது அதுவே.