ஆயுள்வரை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற சாலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் மிச்சம் இருக்கிறது. ஏரிப் பாசனம் நின்றுபோனதும் வேலிகாத்தான் மண்டிய இடம். கார் கம்பெனிகள் வந்த பிறகு சுற்றிலும் குடோன்கள். போன வருடம் ஒருவர் விலை பேச வந்தார். அவருடைய வக்கீல் பழைய காலத்துக்குக் கையால் தேடி வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது, 1931-ல் ஒரு பதிவு சிக்கியது. நகல் வாங்கினோம்.

என் கொள்ளுத்தாத்தா ஒரு பெண்ணுக்கு நாற்பது சென்ட் எழுதி வைத்திருக்கிறார். பஞ்சாயத்தார் முன்னிலையில் இருவரும் "தீர்த்துக்கொண்டபடியால்", அந்தப் பெண் தன் ஜீவனத்துக்காக "ஆயுள்வரை" அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பத்திரத்தில் அவர் 'இன்னார் மகள்' என்றுதான் வருகிறார். மனைவி என்ற சொல்லே கிடையாது. அவர் பெயர் என் கொள்ளுப்பாட்டியின் பெயர் அல்ல.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எங்கள் வீட்டில் யாரும் இப்படி ஒருவரைப் பற்றிப் பேசியதில்லை.

நான் சாஃப்ட்வேர் ஆள். மகேந்திரா சிட்டியில் வேலை. ஒரு தகவல் இருக்கிறதென்றால் அது ஏதோ ஒரு டேபிளில் உட்கார்ந்திருக்கும் என்பது என் மூடநம்பிக்கை. 1931-ல் விவாகரத்து என்றால் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தீர்ப்பு இருக்கணும், இல்லையா? இங்கிலாந்தில் அப்படித்தான். 1858-லிருந்து அங்கே விவாகரத்து வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம்; முதல் எண்பது வருடக் கட்டுகள் பெரும்பாலும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன, பெயர் போட்டுத் தேடலாம். வக்கீலிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "அப்போ ஹிண்டுவுக்கு டைவர்ஸ்னு ஒரு சட்டமே கிடையாதே சார், எதைத் தேடுவீங்க?"

உண்மைதான். கிறிஸ்தவர்களுக்கு 1869-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நீங்கள் கோர்ட்டில் தேடலாம். இந்துக்களுக்கு சென்னை மாகாணத்தில் 1949-ல்தான். இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கு வழி செய்த மாகாணச் சட்டம் அது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டம் அதை ரத்து செய்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அப்படியானால் 1949-க்கு முன்னால் யாரும் பிரியவில்லையா? தாராளமாகப் பிரிந்தார்கள். கல்யாணம் என்பது பிரிக்கவே முடியாத சடங்கு என்பது சாஸ்திரம் படித்தவர்களின் சட்டம். மற்ற பல சாதிகளில் பஞ்சாயத்து கூடும், பரிசப் பணம் திரும்பும், கதை முடியும். அறுத்துக்கட்டுவது என்று அதற்கு ஒரு சொல்லே உண்டு. இன்று அதை வசையாகத்தான் கேட்கிறோம். அன்று அது ஒரு நடைமுறையின் பெயர். கள்ளர்களிடையே துரும்பு கொடுப்பது என்றாலே மணவிலக்கு என்று 1909-ல் வெளியான தன் தொகுதிகளில் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். வெள்ளைக்காரக் கோர்ட்டும் இதை ஏற்றிருக்கிறது. 1894-ல் சங்கரலிங்கம் எதிர் சுப்பன் வழக்கில், இருவரும் சம்மதித்து, கல்யாணச் செலவைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1955 சட்டம்கூட இந்த வழக்கத்தைத் தொடவில்லை. 29-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் தன் சாதியில் உண்டு என்று நிரூபிக்க வேண்டியது மட்டும் சொல்கிறவர் பொறுப்பு.

இதைவிட எனக்கு ஆச்சரியம் கொடுத்தது பக்கத்தில் நடந்த ஒன்று. எங்கள் ஸ்டேஷனிலிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, செங்கல்பட்டில், 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பிடிக்காத கல்யாணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். ரெண்டு வருடம் கழித்து எங்கள் ஊரில் ஒருவர் தீர்த்துக்கொண்டு நாற்பது சென்டோடு போயிருக்கிறார். ரெண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். மேடையில் கோரிக்கையாக இருந்த விஷயம், மேடை தேவைப்படாத ஜனங்களிடம் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் மனசில் நின்றது. அப்புறம் எப்போது நமக்கு வெட்கம் வந்தது? மேலே ஏற நினைத்த சாதிகள் முதலில் கைவிட்டவற்றில் இதுவும் ஒன்று.

சரி, பஞ்சாயத்தில் முடிந்த பிரிவுக்குக் காகிதம் எங்கே? பெரும்பாலும் கிடையாது. ஆனால் எழுதிப் பதிவும் செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். இங்கேதான் 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டம் ஒரு வேலை காட்டுகிறது. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரம் முதலாம் புத்தகத்தில் ஏறும். மற்றவை நான்காம் புத்தகத்தில். வெறும் விவாக விடுதலைப் பத்திரம் என்றால் நான்காம் புத்தகம். முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். வில்லங்கத்தில் வருவதும் அதுதான். நான்காம் புத்தகத்தைத் தேட அதிகாரிக்கு மட்டுமே அனுமதி. நகல், எழுதிக்கொடுத்தவருக்கோ அதன் மூலம் உரிமை கோருபவருக்கோ அவர்களின் பிரதிநிதிக்கோதான். ஆக, வெறுங்கையோடு பிரிந்த பெண்ணை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. நாற்பது சென்டோடு பிரிந்தவர், தொண்ணூறு வருடம் கழித்து ஒரு குடோன்காரரின் வில்லங்கத்தில் வந்து நிற்பார்.

வந்து நின்றவர் சும்மா நிற்கவில்லை. 'ஆயுள்வரை' என்பதால் அவருக்குப் பின் நிலம் எங்களுக்கே திரும்பிவிடும் என்று அப்பா நினைத்தார். எண்பதுகளில் யூடிஆர் பட்டாவும் தாத்தா பெயரில்தான் வந்திருக்கிறது. வக்கீல் தலையை ஆட்டினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17. அதன் 14-வது பிரிவு, ஒரு பெண் வசம் இருக்கும் சொத்தை முழு உரிமையாக்குகிறது. ஜீவனாம்சத்துக்காகக் கொடுத்தது என்றால், பத்திரத்தில் ஆயுள்வரை என்றே எழுதியிருந்தாலும் அது முழு உரிமைதான் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "தீர்த்துவிட்ட சம்சாரத்துக்கு இது பொருந்துமான்னு வாதாடலாம். அனுபவ பாத்தியம்னும் பேசலாம். ஆனா அந்தம்மா அந்தத் தேதிக்கு முன்னாடியே போய்ட்டாங்கன்னா இந்தப் பேச்சே வேணாம்."

எப்போது இறந்தார்? பழைய பிறப்பு இறப்புப் பதிவைக் கிராம முன்சீப்தான் எழுதி வந்தார். தேட ஊரும் வருடமும் வேண்டும். பத்திரத்தில் இருந்தது அவர் அப்பாவின் ஊர். அங்கே திரும்பிப் போனாரா, வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு வேறு ஊர் போனாரா? "ரொம்பத் தேடாதீங்க சார்" என்றார் வக்கீல், தணிந்த குரலில். நல்ல மனுஷர்தான். அப்பாவுக்கும் அதே எண்ணம். நான் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆயாவிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். ஆயாவுக்கு எண்பத்தேழு வயது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமியாவா?" என்றார் ஆயா. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவங்க அறுப்புக்கு அறுப்பு வருவாங்க. தன் பங்கு நெல்ல அளந்து வாங்கிக்கினு போவாங்க. உங்க கொள்ளுத்தாத்தா திண்ணைய விட்டு எழுந்து உள்ள போயிடுவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எங்க மாமியாதான் உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. ரெண்டு பேரும் வெத்தல போட்டுக்கினு சாயந்திரம் வரைக்கும் பேசுவாங்க."

"அவங்க எப்ப வரைக்கும் வந்தாங்க ஆயா?"

ஆயா கொஞ்சம் யோசித்தார். "வருஷமெல்லாம் எனக்கு என்னா தெரியும். உங்க அப்பன் பொறந்து, இடுப்புக்கு வெள்ளி அரைஞாண் போட்டது அவங்கதான். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு அறுப்புக்கு வந்தாங்க."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவர் பிறந்தது 1958-ல்.