மத்தியஸ்தர் எப்போது மத்திக்கு வந்தார்?

தோட்டத்து டூர்னமென்ட்டில் கோல் அடித்தவரின் பெயரை அடுத்த தீபாவளிக்குள் மறந்துவிடுவோம். கடைசி நிமிஷத்தில் பெனல்டி கொடுத்த ரெஃப்ரியை மட்டும் மறக்கவே மாட்டோம். அவர் கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் "அன்னைக்கு அது பெனல்டியாண்ணே?" என்று யாராவது கேட்பார்கள். மடுல்கெல்லயிலிருந்து ஹுலுகங்கை, பன்வில, வத்தேகம வரைக்கும் கிரவுண்ட் உள்ள ஊர்களில் இப்படி ஒரு அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு.

சம்பளம் இல்லை, சாப்பாட்டுப் பார்சலும் சில நேரம் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு 22 பேரை நிறுத்தும் அதிகாரத்தை யார் கொடுத்தது? "ரூல்ஸ் புக்ல இருக்கு" என்பது பாதிப் பதில்தான். புத்தகம் தானாக விசில் ஊதாது. எந்தச் சட்டமும் ஒரு மனிதர் அதை வாசித்து, இந்த இடத்தில் இதுதான் அர்த்தம் என்று சொன்ன பிறகுதான் வேலை செய்கிறது. அந்த மனிதர் எங்கே நிற்கிறார் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறோம்.

ரெஃப்ரி இல்லாத ஆட்டம்

1863இல் லண்டனில் ஃபுட்போல் அசோசியேஷன் உருவானபோது 13 விதிகள் எழுதப்பட்டன. அவற்றில் ரெஃப்ரி என்ற சொல்லே இல்லை. எழுதியவர்கள் பெரிய பாடசாலைகளில் படித்த கனவான்கள். கனவான் வேண்டுமென்று தப்புச் செய்யமாட்டான், அப்படி ஏதாவது நடந்தாலும் இரண்டு கெப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

நம்பிக்கை நீடிக்கவில்லை. பிறகு அணிக்கு ஒரு அம்பயர் வந்தார். கிரிக்கெட் மாதிரி வீரர்கள் முறையிட்டால்தான் தீர்ப்பு. இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாவிட்டால், கோட்டுக்கு வெளியே இருக்கும் மூன்றாவது ஆளிடம் விஷயத்தை "ரெஃபர்" பண்ணுவார்கள். ரெஃப்ரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நம்ம பத்திரிகைகள் எழுதும் "மத்தியஸ்தர்" என்ற சொல்லுக்கு நடுவில் நிற்பவர் என்று பொருள். ஆனால் ஆரம்பத்தில் அவர் நடுவில் நிற்கவே இல்லை.

இடையில் ஆடுகிறவர்கள் மாறினார்கள். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஓல்ட் ஈட்டனியன்ஸ் என்ற கனவான்களின் அணியை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்தது. பருத்தி ஆலைத் தொழிலாளர்களும் ஆடிய அணி அது. 1885இல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமானது. ஆட்டத்தில் பிழைப்பும் பந்தயமும் கலந்த பிறகு, "நாம பேசித் தீத்துக்குவோம்" என்ற ஏற்பாடு போதவில்லை.

1891இல் ரெஃப்ரி மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் லைன்ஸ்மன் ஆனார்கள். பெனல்டி கிக் வந்ததும் அதே வருஷம்தான். அதை முன்மொழிந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம், அவரே ஒரு கோல் கீப்பர். கனவான்களுக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்று தப்புச் செய்பவர்கள் என்று எங்களைச் சட்டத்திலேயே எழுதுகிறார்களே என்றார்கள். 1894இல் முறையீடு வராமலேயே தீர்ப்புச் சொல்லும் முழு அதிகாரமும் ரெஃப்ரிக்குக் கிடைத்தது.

ஆக, இரண்டு பக்கமும் சமமான மரியாதை உள்ளவர்கள் என்ற கற்பனை உடைந்த இடத்தில்தான் நடுவில் ஒருவர் தேவைப்பட்டார்.

வெறுங்காலும் சட்டமும்

அதே காலத்தில் நம்ம மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. விளையாட்டுகளும் அவற்றின் ரூல்ஸும் துரைமாரோடு இங்கிலிஷில் வந்தன. அவர்களுடைய கிளப்புகளில் தொழிலாளிக்கு இடமில்லை. ஆனால் பந்துக்குக் கிளப் தேவையில்லை. நாலு கல்லும் ஒரு சமதரையும் இருந்தால் போதும். மலைநாட்டில் கல் கிடைக்கும், சமதரைதான் கஷ்டம்.

சப்பாத்தும் கஷ்டம்தான். இது நம்ம பிரச்சினை மட்டுமல்ல. 1948 ஜூலை 31ஆம் திகதி லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸை எதிர்த்து ஆடியது. இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்கால். இரண்டு பெனல்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் இந்தியாவில் சப்பாத்துக் கட்டாயமானது.

இன்றைய நான்காவது விதி, கையுள்ள சட்டை, காற்சட்டை, சொக்ஸ், ஷின் கார்ட், சப்பாத்து என ஐந்தையும் கட்டாயம் என்கிறது. இதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் தோட்டத்து மேட்ச் பாதி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஆனால் அதே விதி எதிலிருந்து தொடங்குகிறது தெரியுமா? பாதுகாப்பிலிருந்து. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தான எதையும் அணியக்கூடாது என்பதுதான் முதல் வசனம். ஆகவே இரண்டு அணியும் வெறுங்காலோடு வந்தால் நம்ம ரெஃப்ரி விடுகிறார். ஒரு அணி ஸ்டட்ஸ் போட்டு மற்ற அணி வெறுங்காலோடு வந்தால் அவர் யோசிக்கிறார். அவர் சட்டத்தை உடைக்கிறாரா, அதன் நோக்கத்தை வாசிக்கிறாரா? இரண்டாவது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

1948இன் இன்னொரு வாசிப்பு

வெறுங்கால் அணி லண்டனில் ஆடிய அதே 1948இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானிய வதிவிடக்காரருக்கான தனிச் சட்டம். கலியாணம் கட்டியவர் 7 வருஷமும் கட்டாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். "இடைவிடாமல்" என்ற ஒரு சொல்லை எப்படி வாசிப்பது? ஊருக்குப் போய் வந்த பயணம் ஒரு இடைவெளியா? கடதாசியே இல்லாத லயத்து வாழ்க்கையை எந்தக் கடதாசியால் நிரூபிப்பது? விண்ணப்பித்த 8 இலட்சத்துக்கும் அதிகமானோரில் ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூட அந்தச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை.

ஃபுட்போல் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். "சட்டத்தில் உள்ளதைத்தான் செய்தோம்" என்று அதிகாரிகள் சொல்லலாம். ஆனால் கண்டிப்பான வாசிப்பும் ஒரு வாசிப்புத்தான். சந்தேகம் வந்த இடத்தில் அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் விஷயம். அங்கே தீர்ப்புச் சொன்னவர் நடுவில் நிற்கவில்லை. நம்ம சனத்துக்கு "ரூல்ஸ்" என்ற சொல்லிலேயே ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கும், விசில் ஊதுபவரை உடனே சந்தேகப்படுவதற்கும் இந்த அனுபவம் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

எது உண்மை, எது அபிப்பிராயம்

அப்படியென்றால் ரெஃப்ரி நினைத்ததெல்லாம் சட்டமா? இல்லை. விதிப்புத்தகமே இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறது. பந்து கோட்டை முழுதாகத் தாண்டியதா, ஓஃப்சைட் இடத்தில் நின்றாரா என்பவை உண்மை சார்ந்தவை. அவற்றில் கண் தவறலாம், வியாக்கியானத்துக்கு இடமில்லை. ஆனால் ஓஃப்சைட் இடத்தில் நிற்பது மட்டும் குற்றமில்லை, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். தலையிட்டாரா என்பதை ரெஃப்ரிதான் தீர்மானிக்க வேண்டும்.

ஃபவுலுக்கும் அப்படித்தான். 12ஆவது விதி மூன்று படி வைத்திருக்கிறது. கவனமில்லாமல் மோதினால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் மோதினால் மஞ்சள். அளவுமீறிய பலத்தோடு மோதினால் சிவப்பு. "பந்தைத்தான் அடிச்சேன் ரெஃப்ரி" என்ற நம்ம ஊர் வாதம் இந்த மூன்றில் எதற்கும் முழுப் பதில் ஆகாது. "கையில பட்டா ஹேண்ட்" என்பதும் சரியில்லை. வேண்டுமென்று தொட்டாரா, கை உடம்பை இயல்பில்லாமல் பெரிதாக்கியதா என்று பார்க்க வேண்டும். கையில் பட்ட பந்து அப்படியே கோலுக்குள் போனால் மட்டும் தெரியாமல் பட்டதென்றாலும் கோல் இல்லை.

பிறகு நக்கிள்ஸ் பக்கத்து மிஸ்ட். எத்தனை மீட்டர் தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்துவது என்று 17 விதிகளிலும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை ஐந்தாவது விதி ரெஃப்ரியிடம் விட்டிருக்கிறது. 2016இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, தீர்ப்புகள் விதிகளின்படியும் "ஆட்டத்தின் உணர்வு"க்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்று அந்த விதியில் சேர்த்தார்கள். மைதான அளவு, ஆட்ட நேரம், மாற்று வீரர் போன்றவற்றை அடிமட்ட ஆட்டங்களுக்குத் தக்கபடி மாற்றவும் விதிகளே அனுமதிக்கின்றன. தோட்டத்தில் ஏழு பேர் ஆட்டம் ஆடும்போது நாம் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை.

மொழி

1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து–ஆர்ஜென்டினா ஆட்டம். ஜெர்மன் ரெஃப்ரி ருடோல்ஃப் கிரெய்ட்லைன், ஆர்ஜென்டினா கெப்டன் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரத்தீன் போக மறுத்து நெடுநேரம் நின்றார். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற முன்னாள் ரெஃப்ரிக்கு வீதியில் ட்ராஃபிக் லைட்டைப் பார்த்து வந்த யோசனைதான் மஞ்சள், சிவப்பு அட்டைகள். 1970 உலகக் கிண்ணத்தில் அவை வந்தன. தமிழ் அணியும் சிங்கள அணியும் மோதும் கண்டிப் பக்கத்து மேட்ச்சில் இதன் அருமை நமக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அட்டை தண்டனையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் புத்தகத்தில் இருக்கிறது. அதன் அதிகாரபூர்வ மொழிகள் நான்குதான், கருத்து முரண்பட்டால் இங்கிலிஷ் வடிவமே செல்லும். நம்ம கிரவுண்டில் அது வாய்வழியாக, பாதி கேட்டது பாதி டீவியில் பார்த்தது என்றுதான் புழங்குகிறது. ரெஃப்ரியோடு சண்டை வரும் இடங்களில் பலவற்றில் அவரும் சரி, நாமும் சரி, அந்த விதியை வாசித்திருக்க மாட்டோம்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த டூர்னமென்ட்டுக்கு முன்னால் ஒரு பின்னேரம் இரண்டு கெப்டன்களையும் ரெஃப்ரியையும் உட்கார வைக்கலாம். சப்பாத்து, மிஸ்ட், தேயிலைக்குள் உருண்டுபோகும் பந்து, ஆட்ட நேரம் என்று நம்ம கிரவுண்டுக்கான வாசிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். ஆடும் இரண்டு தோட்டத்தையும் சேராத ஒருவரை, முடிந்தால் ஒரு தங்கச்சியை, ரெஃப்ரி பயிற்சிக்கு அனுப்பலாம். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃப்ரியே நினைத்தாலும் முந்திய தீர்ப்பை மாற்ற முடியாது என்பதும் அதே ஐந்தாவது விதியில்தான் இருக்கிறது. அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். பஸ்ஸில் அந்த அண்ணனுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.