கிரேனியோஃபாரிஞ்சியோமா

பிட்யூட்டரி சுரப்பியின் காம்பை ஒட்டி வளரும் அரிய மூளைக்கட்டி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 0.5 முதல் 2 பேருக்கே வருகிறது; 5 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகளிடமும் 50 வயதைத் தாண்டியவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது முதல் தரக் கட்டி, அதாவது புற்றுநோய் அன்று. ஆனால் இருக்கும் இடம் பொல்லாதது. அருகிலேயே பார்வை நரம்புகள், பக்கங்களில் பெரிய தமனிகள், மேலே பசியையும் தாகத்தையும் தூக்கத்தையும் ஆளும் ஹைப்போதலாமஸ்.

கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது வாய்ப்பகுதியிலிருந்து மேலேறும் ராத்கே பையின் எச்சச் செல்களே இதன் மூலம் என்று கருதப்படுகிறது. 1904இல் வியன்னாவின் யாக்கோப் எர்தைம் இக்கட்டிகளைத் தனி இனமாக விவரித்தார். இன்றைய பெயரை 1930களில் பரவலாக்கியவர் ஹார்வி குஷிங்.

தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல், அடங்காத தாகம் ஆகியவை அறிகுறிகள். வகுப்பில் எல்லாரும் வளர்ந்துகொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் அதே உயரத்தில் நிற்பதும் ஓர் அறிகுறிதான்; பெற்றோர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக் கூடாது.

1909இல் சிகாகோவில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மண்டையோட்டைத் திறக்காமல் மூக்குப் பகுதி வழியாக இத்தகைய கட்டியை அணுகினார். அந்தக் காலத்தில் அறுவைக்குப் பின் ஹார்மோன் வற்றியே பலர் இறந்தனர். கார்ட்டிசோன் என்ற ஹார்மோன் மருந்து கைக்கு வந்தபின் நிலைமை மாறியது. கட்டியை முழுவதுமாக எடுத்துவிடுவதே சரி என்று பாஸ்டனின் டொனால்ட் மாட்சன் வாதிட்டார்.

திறந்து பார்த்தால் அது எளிதல்ல என்பது தெரியும். கட்டியிலுள்ள நீர்ப்பையைக் குத்தியதும் பழைய எஞ்சின் ஆயில் போன்ற கரும்பழுப்புத் திரவம் வெளிவரும். கொலஸ்ட்ரால் படிகங்கள் அதில் மினுங்கும். சுவரில் சுண்ணாம்புத் துணுக்குகள் படிந்திருக்கும். கட்டி ஹைப்போதலாமஸுக்குள் விரல் விட்டதுபோல் ஊடுருவியிருந்தால், இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் நல்ல திசுவையும் சேர்த்தே பெயர்க்கும். அப்படிக் கட்டி முழுதாக அகற்றப்பட்ட பிள்ளைகள் பலர் தணியாத பசியோடும் கட்டுக்கடங்காத உடல் பருமனோடும் ஆயுள் முழுக்கப் போராட நேர்ந்தது. கட்டி போய்விட்டது என்று ஸ்கேன் சொல்வதை மட்டும் வெற்றி எனக் கொள்ள முடியாது. 2007இல் பாரிஸின் ஸ்டெஃபானி பூஜே குழுவினர் ஹைப்போதலாமஸ் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஸ்கேனில் தரம் பிரித்து, ஊடுருவல் கடுமையாக இருந்தால் அப்பகுதியைத் தொடாமல் விடலாம் என்றனர். விட்ட பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது.

இப்போது பெரியவர்கள் பலருக்கு மூக்குவழி எண்டோஸ்கோப் அறுவையே நடக்கிறது. மூளைத் தண்டுவடத் திரவம் மூக்கில் கசிவது இதன் பெருந்தொல்லையாக இருந்தது. மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை ரத்த ஓட்டத்தோடு திருப்பி ஓட்டையை மூடும் முறை 2006இல் வெளியானபின் அது வெகுவாகக் குறைந்தது. அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரைகளும், சிறுநீர்ப் பெருக்கை அடக்க டெஸ்மோபிரெசினும் தொடர்ந்து வேண்டியிருக்கும்.

2014இல் பிரிசில்லா பிராஸ்டியானோஸ் குழுவினர், பெரியவர்களுக்கு வரும் பாப்பிலரி வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பி.ராஃப் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தனர். 2023இல் வெளியான ஆய்வில், அந்த மாற்றத்தின் விளைவைத் தடுக்கும் வெமுராஃபெனிப், கோபிமெட்டினிப் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்ற 16 பேரில் 15 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் மற்றொரு வகையான அடமாண்டினோமேட்டஸ் கட்டி. அதில் இருப்பது பீட்டா கேட்டனின் புரதம் சார்ந்த மாற்றம் என்பதால் இந்த மருந்துகள் அதற்கு உதவுவதில்லை. அவர்களுக்கு இன்றும் அறுவையும் கதிர்வீச்சுமே முதன்மைச் சிகிச்சை.