லைட்டைப் போட்ட ராத்திரி

1944 ஜூன் 20. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பசிபிக் கடல், நல்லா இருட்டின நேரம். ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கிட்டு இருநூறுக்குப் பக்கமான அமெரிக்க விமானங்கள் திரும்பி வருது. மிஞ்சினா மூணு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். கிளம்பின பிறகுதான் எதிரி இன்னும் 60 மைல் தள்ளி இருக்கிற விஷயமே தெரிஞ்சது. அதனால பெட்ரோல் காலியாகிட்டு வருது. இறங்க வேண்டிய இடமோ, கடலில் ஓடிக்கிட்டிருக்கும் கப்பலின் மேல்தளம்.

தளபதி மிட்ஷர், எதிரி நீர்மூழ்கி பார்த்தாலும் பரவாயில்லைன்னு கப்பல்களின் விளக்கைப் போடச் சொன்னார். சினிமான்னா கதை இங்கேயே முடிஞ்சிடும். எனக்கு முக்கியமாத் தெரியறது அதுக்கப்புறம் நடந்ததுதான்.

அந்தக் காலத்துத் தளம் நேர்க்கோடு. பின்பக்கமா வந்து இறங்கணும். வாலில் இருக்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி விமானத்தை நிறுத்தும். ஏற்கெனவே இறங்கினவை முன்பக்கம் நிக்கும். நடுவில் ஒரு தடுப்பு. கொக்கி மாட்டலைன்னா தடுப்பில் மோதணும். அதையும் தாண்டினா, நிக்கிற விமானங்கள் மேலதான். தளம் காலியாகாத வரைக்கும், 'இறங்காதே, சுத்தி வா'ன்னு ஒரு அதிகாரி சைகை காட்டுவார்.

டேங்க் வறண்டு போனவன் எங்கே சுத்துறது? லெக்சிங்டன் கப்பலில் ஒரு ஹெல்டைவர் சைகையை மீறி இறங்கி, நின்றிருந்த விமானங்கள் மேல் பாய்ந்தது. பங்கர் ஹில்லில் ஒன்று கவிழ்ந்து கிடக்க, அதை அகற்றுறதுக்குள் ஒரு அவெஞ்சர் வந்து மோதியது. இரண்டு கப்பலிலும் ஆட்கள் செத்தார்கள். ஒரு தளம் அடைபட்டா, மேலே சுத்துறவனுக்கு அடுத்த கப்பல், இல்லைன்னா கடல். சண்டையில் போனது சுமார் 20 விமானம். திரும்பி வந்து இறங்குறதுல போனது சுமார் 80! அதில் பெரும்பாலானவை கடலில் விழுந்தவை. நல்லவேளை, விழுந்தவர்களில் நிறைய பேரை மீட்டுட்டாங்க.

ஜெட் விமானம் வந்ததும் வேகம் கூடிச்சு, நேர்த்தளம் இன்னும் ஆபத்தாச்சு. 1951-ல் பிரிட்டிஷ் கடற்படையின் டென்னிஸ் கேம்பெல் ஒரு யோசனை சொன்னார்: இறங்கும் பாதையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சுட்டா என்ன? கொக்கி மாட்டலைன்னா அப்படியே கடல் மேல பறந்து போய் மறுபடி வரலாம். நிக்கிற விமானம் எதுவும் வழியில் இருக்காது. 1952-ல் டிரையம்ஃப் கப்பலில் செஞ்ச முதல் சோதனைக்கு இரும்பை வெட்டக்கூட இல்லை. தளத்தில் பெயின்ட் அடிச்சு சாய்வா ஒரு கோடு, அவ்வளவுதான்.

1961-ல் நம்ம கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்திலும் இந்தச் சாய்ந்த தளம் இருந்தது. 1945-ல், ஹெர்குலிஸ் என்ற பெயரில், பிரிட்டனில் கடலில் இறக்கினப்போ அதுவும் நேர்த்தளக் கப்பல்தான்.